காதல் படமா, கடைப் படமா? ‘தி ஷாப் அரவுண்ட் த கார்னர்’ (1940)

பழைய_ரீல்:

எனக்கு மிகவும் பிடித்த ஹாலிவுட் காதல் படம் எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். எர்ன்ஸ்ட் லூபிட்ச் எம்ஜிஎம் நிறுவனத்தில் தயாரித்து இயக்கிய கருப்பு வெள்ளைப் படம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மார்கரெட் சல்லவன் ஜோடி. 99 நிமிடம் ஓடும். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை இதுதான். புடாபெஸ்ட் நகரத்தில் மட்டுஷெக் அண்ட் கம்பெனி என்று ஒரு கடை. கைப்பை, பணப்பை, சூட்கேஸ் விற்கிற இடம். அங்கே மூத்த விற்பனையாளன் க்ராலிக். புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண் கிளாரா நோவாக். இரண்டு பேருக்கும் பார்த்த நாளிலிருந்தே ஆகவில்லை. ஆனால் பத்திரிகை விளம்பரம் ஒன்றின் மூலம், பெயர் தெரியாமல், தபால் பெட்டி எண் 237 வழியாக ஒருவருக்கொருவர் உருகி உருகிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதும் அதே இருவர்தான்.

இதை எங்கே பார்த்தாலும் ‘இனிமையான கிறிஸ்துமஸ் காதல் படம்’ என்று எழுதியிருப்பார்கள். இனிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படத்தை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் வேறு. வேலை போய்விடுமோ என்ற பயத்தை ஒவ்வொரு காட்சியிலும் வைத்துக்கொண்டு, அந்தப் பயத்துக்கு நடுவில்தான் காதலை வளர்க்கிறது இந்தப் படம்.

தொடக்கத்தையே பாருங்கள். கதாநாயகனும் கதாநாயகியும் சந்திக்கிற காட்சி இல்லை. கடை திறப்பதற்கு முன்னால் ஊழியர்கள் ஒவ்வொருவராக வாசலில் வந்து சேர்கிறார்கள். முதலாளி வந்து பூட்டைத் திறக்க வேண்டும். அவர் மனநிலை இன்று எப்படி இருக்கும் என்று எல்லோர் முகத்திலும் ஒரு கணக்கு ஓடுகிறது. முந்தின இரவு முதலாளி வீட்டில் விருந்து சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்ட க்ராலிக், கடைப்பையன் பெப்பியை அனுப்பிச் சோடா உப்பு வாங்கி வரச்சொல்கிறான். இரண்டு நிமிடத்தில் யாருக்கு யார் மேல், யாருக்கு யார் கீழ், யார் யாரிடம் பயப்படுகிறார்கள் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

கிளாரா அறிமுகமாவதும் வேலை கேட்டு வந்தவளாகத்தான். அவளை வாடிக்கையாளர் என்று நினைத்துக் குழைகிற க்ராலிக், வேலை தேடி வந்தவள் என்று தெரிந்ததும் மாறுகிற மாற்றம் இருக்கிறதே! முதலாளி மட்டுஷெக்கும் அதையேதான் செய்கிறார். அப்புறம் அவள் சும்மா இருந்தாளா? திறந்தால் பாட்டு பாடுகிற சிகரெட் பெட்டி ஒன்று கடையில் இருக்கிறது. அது ஓடாது என்பது க்ராலிக்கின் வாதம், ஓடும் என்பது முதலாளியின் ஆசை. கடைக்கு வந்த ஒரு பெண்மணியிடம் அதை மிட்டாய்ப் பெட்டி என்று சொல்கிறாள் கிளாரா. திறக்கும்போதெல்லாம் பாட்டு கேட்பதால், அளவுக்கு மீறித் தின்கிறோம் என்பது நினைவுக்கு வருமாம். அங்கேயே விற்றுவிடுகிறாள். வேலை கிடைத்துவிட்டது. க்ராலிக்கின் கணிப்பைப் பொய்யாக்கித்தான் அவள் உள்ளே நுழைய முடிந்தது. அந்தப் பகையின் வேர் இதுதான். வயிற்றுப்பாட்டில் பிறந்த பகை.

உங்களுக்கு எப்படிப் பட்டது, சொல்லுங்கள்.

தேன்சிட்டு:

அண்ணா, இந்தப் படத்துக்கு இழை திறந்ததற்கே உங்களுக்குப் பெரிய நன்றி. எனக்கு இதில் உயிர் பிரோவிச்தான். அதே கடையில் க்ராலிக்கோடு வேலை பார்க்கிறவர், ஃபீலிக்ஸ் பிரெசார்ட் நடித்த அந்தக் குடும்பஸ்தர்.

நீங்கள் சொல்வதற்கு வலு சேர்க்கிற காட்சி ஒன்று அவரிடம் இருக்கிறது. கல்யாணம் செய்துகொண்டால் குடும்பம் நடத்த எவ்வளவு ஆகும் என்று க்ராலிக் அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்பான். உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும் என்ன செலவு, குழந்தைகளை விட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்பான். ஏன் உன்னையே ஏமாற்றிக்கொள்கிறாய் என்பார் பிரோவிச்! சாப்பாட்டு அறை தனியாக எதற்கு, சமையலறையிலேயே சாப்பிடலாமே என்பார். யாராவது விருந்துக்கு வந்தால் என்ன செய்வது என்று இவன் கேட்க, உண்மையான நண்பன் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகுதான் வருவான் என்று பதில் வரும்.

நிலா, நட்சத்திரம் எதுவும் இல்லை. வாடகைக் கணக்குப் போடுகிறான். ஆனால் முகமே பார்த்திராத ஒருத்திக்காகப் போடுகிறான். அவன் காதலை நான் முழுசாக நம்பியது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதலாளி “உன் நேர்மையான அபிப்பிராயம் என்ன?” என்று கேட்கிற குரல் காதில் விழுந்தாலே பிரோவிச் மாடிப்படியில் ஏறி மறைந்துவிடுவார். திரும்பத் திரும்ப வருகிற வேடிக்கை. ஆனால் அதில் ஒரு மனிதர் எத்தனை வருடமாகத் தலையைக் குனிந்து வேலையைக் காப்பாற்றியிருக்கிறார் என்பதும் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிற வீடு அல்லவா.

கல்வெட்டு:

நல்ல படம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே யாரும் தொடவில்லை, அதனால் கேட்கிறேன்.

கடித நண்பர்கள் இருவரும் முதல்முறையாக நேரில் சந்திக்க முடிவு செய்கிறார்கள். கஃபே நிட்ஸாவில் காத்திருப்பவள் கிளாராதான் என்று க்ராலிக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியாது. அந்த இரவிலிருந்து கிறிஸ்துமஸ் முந்தின நாள் இரவு வரை அவன் வாய் திறக்கவில்லை. அவள் காய்ச்சலாகப் படுக்கிறாள், கடிதம் வந்ததா என்று ஏங்குகிறாள், இவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியில்கூட உன் காதலனை நேரில் பார்த்தேன், பெயர் பாப்கின், தொப்பை, வழுக்கை, வேலை வெட்டி இல்லை என்று அளந்துவிட்டு, அவள் முகம் வாடுவதைப் பார்த்த பிறகுதான் உண்மையைச் சொல்கிறான்.

ஒருவருக்கு எல்லாம் தெரியும், இன்னொருவருக்கு ஒன்றும் தெரியாது. அதுவும் இடையில் அவன் அந்தக் கடையின் மேலாளராகவும் ஆகிவிடுகிறான். இதைக் காதல் என்று ரசிக்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

மாடிவீட்டுக்காரி:

கல்வெட்டு சார், உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் கஃபே காட்சியை இன்னொரு முறை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவன் அங்கே வரும்போது என்ன நிலையில் வருகிறான்? அன்றைக்குச் சாயங்காலம்தான் வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள். வேலை இல்லாதவன் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது என்று சந்திப்பையே ரத்து செய்ய நினைக்கிறான். ஒரு சீட்டு எழுதி, அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கத்தான் பிரோவிச்சைக் கூட்டி வருகிறான். பிரோவிச் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, சிவப்பு கார்னேஷன் பூவும் ‘அன்னா கரேனினா’ புத்தகமும் வைத்திருக்கிற பெண்ணை மெதுவாக வர்ணிப்பார். மிஸ் நோவாக்கைப் பிடிக்காது என்றால் இந்தப் பெண்ணையும் உனக்குப் பிடிக்காது, ஏனென்றால் இவள் மிஸ் நோவாக்தான் என்பார்.

உள்ளே போய் உட்கார்ந்தவனிடம் அவள் என்ன சொல்கிறாள்? உனக்கு இதயம் இருக்கிற இடத்தில் கைப்பை, ஆன்மா இருக்கிற இடத்தில் சூட்கேஸ், அறிவுக்குப் பதிலாகப் பற்றாத சிகரெட் லைட்டர். கடைசியில் நீ ஒரு அற்ப குமாஸ்தா. வேலை போன அதே இரவில் ஒருவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? வசைகள் எல்லாம் கடைச் சரக்கிலிருந்தே வருவதைக் கவனித்தீர்களா! ஸ்டூவர்ட் அந்தக் கடைசி வார்த்தைக்குப் பதில் பேசாமல் எழுந்து போவார். அப்படி அடிபட்டவன் மறுநாளே “நான்தான் உன் கடித நண்பன்” என்று சொன்னால் என்ன நடந்திருக்கும்? அவளுக்கு அந்தக் கடிதங்களும் நஞ்சாகியிருக்கும். அவள் நேசிக்கிற ஒரே பொருள் அது. நேரில் இருக்கிற க்ராலிக்கை அவள் மெல்ல மெல்லச் சகித்துக்கொள்ளும் வரை அவன் காத்திருக்கிறான். எனக்கு அது இரக்கமாகத்தான் தெரிகிறது.

பாப்கின் கதை அதிகப்படி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடைசிக் காட்சியில் கிளாரா சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் சேர்ந்த புதிதில் அவளுக்கே க்ராலிக் மேல் ஒரு ஈர்ப்பு இருந்ததாம். அப்போது படித்த ஒரு நாவலில் பிரெஞ்சு நடிகை ஒருத்தி ஆண்களை நாயைப் போல நடத்தி மயக்குவாளாம். அதைப் பார்த்து இவளும் செய்து பார்த்திருக்கிறாள், அவன் திருப்பிக் குரைத்துவிட்டான். ஆக, ஆறு மாதச் சண்டையும் ஒருவகையில் அவள் போட்ட நாடகம்தான். மறைத்தது இரண்டு பேரும்.

அப்புறம், தபால் பெட்டிக் காட்சியைப் பற்றி யாரும் சொல்லாமல் விடக்கூடாது. கேமரா பெட்டிக்கு உள்ளே இருக்கிறது. எதிர்ப்பக்கம் சின்னக் கதவு திறக்கிறது, கையுறை போட்ட கை உள்ளே வந்து துழாவுகிறது, எதுவும் இல்லை. கை போய்விடுகிறது. பிறகு அந்தச் சதுரத்துக்குள் சல்லவனின் முகம் மட்டும். ஒரு வசனமும் கிடையாது. இத்தனை வருட சினிமாவில் ஏமாற்றத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய_ரீல்:

மாடிவீட்டுக்காரி, அந்த ஷாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். நீங்கள் எழுதியதே போதும்.

கல்வெட்டு சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலாளர் ஆன பிறகு அவன் பக்கம் பலம் கூடுகிறது என்பது உண்மை. படமும் அதை மறைக்கவில்லை. மறுநாள் காலையில் அவனை முதலாளி அறையில் பார்த்துக் கிளாரா மயங்கியே விழுகிறாள். தான் அவமானப்படுத்திய ஆள் இப்போது தன் சம்பளத்தைத் தீர்மானிக்கிறவன் என்பதைத் தெரிந்துகொண்ட அதிர்ச்சி அது. ஆனால் அந்தப் பதவியை வைத்து அவன் அவள் மேல் எதையும் திணிக்கவில்லை. உடல்நலம் விசாரிக்க வீட்டுக்குப் போகிறான், ‘அன்பு நண்பர்’ எழுதிய கடிதம் அங்கே வந்து சேர்கிறது, அவள் அதைப் படித்துப் படித்துத் தேறி உட்காருகிறாள். தன் எழுத்து ஒருத்தியை எப்படிப் பிழைக்க வைக்கிறது என்று அவன் நேரில் பார்க்கிற காட்சி. அங்கே ஸ்டூவர்ட்டின் முகத்தில் வெற்றிக் களிப்பு துளியும் இல்லை. கொஞ்சம் பயந்துபோனவர் போல இருப்பார்.

இதே கதையை வைத்து 1998இல் வந்த ‘யூ’வ் காட் மெயில்’ படத்தில் உங்கள் குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தும். அதில் நாயகனின் பெரிய புத்தகக் கடை நாயகியின் சின்னக் கடையை மூடவைக்கிறது. மூடின கையோடு காதலும் கேட்கிறான். 1940 படத்தில் இரண்டு பேரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள், கூரை ஒன்று, பயமும் ஒன்று. அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

ஒளிநிழல்:

தயாரிப்புப் பக்கம் கொஞ்சம் எழுதுகிறேன்.

மூலம் மிக்லோஷ் லாஸ்லோ என்ற ஹங்கேரிய நாடகாசிரியர் எழுதிய மேடை நாடகம். அதில் அது வாசனைத் திரவியக் கடை. திரைக்கதை சாம்சன் ரஃபேல்சன், லூபிட்ச்சுடன் பல படங்களில் வேலை செய்தவர். ஒளிப்பதிவு வில்லியம் டேனியல்ஸ், கிரேட்டா கார்போவின் படங்களை ஒளியால் இழைத்தவர் அவர்தான். ஸ்டூவர்ட்டும் சல்லவனும் கிடைக்கத் தாமதமானதால் இடையில் லூபிட்ச் கார்போவை வைத்து ‘நினோட்ச்கா’வை முடித்துவிட்டு வந்தார். இந்தப் படத்தை 28 நாட்களில், 5 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்து முடித்தார்கள்.

சல்லவனின் உடை பற்றி ஒரு செய்தி உண்டு. கடையில் தொங்கிய மலிவான ஆயத்த உடை ஒன்றை 1.98 டாலருக்கு அவரே வாங்கி வந்தாராம். லூபிட்ச்சுக்கு அதுவும் ஒரு கடைப்பெண்ணுக்கு எடுப்பாகப் பட்டதால், வெயிலில் போட்டு வெளிறவைத்து, உடம்பில் சரியாகப் பொருந்தாதபடி செய்தார்கள். எம்ஜிஎம் நிறுவனம் நட்சத்திரங்களுக்கு வைரம் போர்த்திக்கொண்டிருந்த காலத்தில்!

லூபிட்ச்சுக்கு இந்த உலகம் கேள்விப்பட்டு அறிந்ததும் இல்லை. பெர்லினில் அவருடைய அப்பா தையற்காரர், பெண்கள் உடை வியாபாரம் வைத்திருந்தார். இளம் வயதில் பகலில் அங்கே கணக்கு எழுதிவிட்டு இரவில் நாடகத்தில் நடித்தவர் லூபிட்ச். அந்தக் கடைக்குள் யார் எங்கே நிற்பார்கள், மணி அடித்தால் யார் முதலில் திரும்புவார்கள் என்பதெல்லாம் இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அரண்மனைகள், பிரபுக்கள், பாரிஸ் ஓட்டல்கள் என்று பளபளப்பான நகைச்சுவைகளால் பேர் வாங்கியவர், தன் வாழ்க்கையின் கடைசி வருடமான 1947இல் ஒரு கடிதத்தில், சூழலும் மனிதர்களும் இதைவிட உண்மையாக அமைந்த படம் எதையும் தான் எடுத்ததில்லை என்ற பொருளில் எழுதினார். ஆஸ்கர் பரிந்துரை ஒன்றுகூடக் கிடைக்காத படம் இது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிறகு, திரையில் காட்டாமலே விடுவது. முதலாளியின் மனைவியை நாம் ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. தொலைபேசியில் பணம் கேட்கிறாள், அவ்வளவுதான். மொத்தக் கதையையும் புரட்டிப் போடுகிற பாத்திரம் திரைக்கே வரவில்லை!

எடைக்கல்:

எல்லோரும் காதலைப் பேசுகிறீர்கள். நான் மட்டுஷெக்கைப் பற்றிப் பேச வந்தேன். ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன் நான், அதனால் எனக்கு இந்தப் படம் வேறு மாதிரி தெரிகிறது.

ஃபிராங்க் மார்கனை எல்லோருக்கும் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ மந்திரவாதியாகத்தான் தெரியும். அதற்கு அடுத்த வருடமே வெளிவந்தது இந்தப் படம். தன் மனைவிக்குக் கடை ஊழியர் ஒருவனோடு தொடர்பு என்று அவருக்கு மொட்டைக் கடிதம் வருகிறது. வீட்டுக்கு வந்துபோகிற ஒரே ஊழியன் க்ராலிக் என்பதால் அவன்மேல் சந்தேகம். மகன் மாதிரி வளர்த்தவனை, காரணம்கூடச் சொல்லாமல் நீக்குகிறார். க்ராலிக் சம்பள உயர்வு கேட்கப் போய் முகத்தில் அறை வாங்காத குறையாகத் திரும்புவானே, அந்தக் காட்சியில் எனக்கு உடம்பெல்லாம் கூசும். முதலாளியின் பேச்சு ஏன் மாறிவிட்டது என்று தெரியாமல் தவிக்கிற ஊழியனின் நிலை, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஸ்டூவர்ட் குரலை உயர்த்தவே மாட்டார். நான் என்ன தப்பு செய்தேன் என்று முகம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அன்று இரவே துப்பறிவாளர் வந்து, ஆள் க்ராலிக் இல்லை, மினுக்கித் திரிகிற இன்னொரு ஊழியன் வாடாஸ்தான் என்கிறார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற கிழவர் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். தற்செயலாகத் திரும்பி வந்த பெப்பி ஓடிப்போய்த் தடுக்கிறான், துப்பாக்கி வெடிக்கிற சத்தம் கேட்கிறது. ஒரு காதல் நகைச்சுவைப் படத்தின் நடுவில் இப்படி ஒரு காட்சி! ஆனாலும் படம் குலையவில்லை. அடுத்த காட்சியில் பெப்பி, உயிரைக் காப்பாற்றியதற்காகத் தன்னை விற்பனையாளனாக உயர்த்தச் சொல்லிப் பேரம் பேசுகிறான். நமக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

ஆனால் என்னை அழவைக்கிற இடம் கிறிஸ்துமஸ் முந்தின இரவு. 1928க்குப் பிறகு இவ்வளவு விற்பனை ஆனதில்லை என்று கேட்டு முதலாளி முகம் மலர்கிறது, எல்லோருக்கும் போனஸ் கொடுக்கிறார். கடை வாசலில் பனியில் நின்றுகொண்டு, வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் இன்றிரவு என்ன திட்டம் என்று கேட்கிறார். எல்லோருக்கும் போக ஓர் இடம் இருக்கிறது. கடைசியாக வருகிறான் புதிதாகச் சேர்ந்த கடைப்பையன் ரூடி, 17 வயது, ஊரில் அவனுக்கு யாரும் இல்லை. அவனைப் பார்த்து மார்கன் சூப், வறுத்த வாத்து, வெண்ணெய் சேர்த்த உருளைக்கிழங்கு, வெள்ளரி சாலட் என்று ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பிப்பார். பையன் கண் விரிந்துகொண்டே போகும். ஆள் கிடைத்துவிட்டது என்று இரண்டு பேருக்குமே சந்தோஷம். காதல் ஜோடி சேர்வதைவிட எனக்கு இந்த ஜோடி சேர்ந்ததுதான் பெரிது.

கல்வெட்டு:

எடைக்கல் ஐயா, அருமையாக எழுதினீர்கள். மாடிவீட்டுக்காரியின் பதிலும் என்னை யோசிக்க வைத்தது, ஆனால் பாப்கின் விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை!

இன்னொரு கோணம் சொல்கிறேன். படம் வெளியானது 1940 ஜனவரியில். ஐரோப்பாவில் போர் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஹங்கேரியில் யூதர்களின் வேலை வாய்ப்புகளை ஒடுக்கும் முதல் சட்டம் 1938லேயே வந்துவிட்டது. லூபிட்ச் யூதர், அவருடைய குடியுரிமையை நாஜி அரசு 1935இல் பறித்தது. பிரெசார்ட் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். இப்படிப்பட்டவர்கள் கலிபோர்னியாவில் ஓர் அரங்கத்துக்குள் உட்கார்ந்து, அழிவின் விளிம்பில் இருந்த ஒரு ஊரின் தெருமுனைக் கடையை அச்சு அசலாகக் கட்டியிருக்கிறார்கள். படத்தில் போர் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஒரு நாள் காலையில் காரணமே சொல்லாமல் உன் இடம் பறிபோகலாம் என்ற நடுக்கம் அவர்களுக்குப் புதியதாக இருந்திருக்காது. பழைய_ரீல் சொன்ன அந்தப் பயம் வெறும் கடைப் பயம் இல்லை என்று எனக்குப் படுகிறது.

தேன்சிட்டு:

கல்வெட்டு அண்ணா, பிரோவிச் மாடிப்படி ஏறி ஓடுவதை இனி நான் பழைய மாதிரி சிரித்துக்கொண்டு பார்க்க முடியாது. நன்றி என்று சொல்வதா, தெரியவில்லை.

புதுவரவு:

இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரியே பார்த்துவிட்டேன். முதல் அரை மணி நேரம் நாடகம் போல இருந்தது. பிறகு நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் அவள் அவனுடைய கால்சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, வளைந்த கால் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறாளே, அதற்கு என்ன அர்த்தம்? அப்புறம், இதே ஜோடி வேறு படங்கள் நடித்திருக்கிறார்களா? எதை முதலில் பார்க்கலாம்?

பழைய_ரீல்:

வாருங்கள் புதுவரவு. பார்த்துவிட்டு வந்ததே பெரிய சந்தோஷம்.

அவன் கால் வளைந்திருக்கும் என்று இடையில் அவளே ஒரு தடவை குத்திக்காட்டியிருப்பாள். அவ்வளவு பெரிய காதல் வெளிப்பாட்டுக்கு நடுவில் அதை மறக்காமல் சரிபார்க்கிறாள். கடிதத்தில் இருந்தவனுக்கு உடம்பு கிடையாது. இப்போது எதிரில் நிற்பவனுக்குக் காலும் உண்டு, சாக்ஸைப் பிடிக்கிற கார்ட்டரும் உண்டு. ஸ்டூவர்ட் கொஞ்சமும் வெட்கப்படாமல் தூக்கிக் காட்டுவார்.

ஸ்டூவர்ட்டும் சல்லவனும் சேர்ந்து மொத்தம் 4 படங்கள். 1936இல் ‘நெக்ஸ்ட் டைம் வி லவ்’, 1938இல் ‘தி ஷாப்வோர்ன் ஏஞ்சல்’, 1940இல் இரண்டு. அந்த இரண்டாவது படமான ‘தி மார்ட்டல் ஸ்டார்ம்’ பார்த்துவிடுங்கள், ஃபிராங்க் போர்சேஜ் இயக்கியது. ஹிட்லர் பதவி ஏற்ற நாளில் தொடங்கி ஒரு ஜெர்மன் குடும்பம் சிதைவதைக் காட்டுகிற படம். ஃபிராங்க் மார்கன் அதில் சல்லவனின் அப்பாவாக, யூதர்களே இல்லாத நாடு வேண்டும் என்பவர்களால் வேட்டையாடப்படுகிற பேராசிரியராக வருகிறார். கல்வெட்டு சார் எழுதியதைப் படித்த பிறகு அதைப் பார்ப்பதுதான் சரியான வரிசை. அதற்கு ஒரு தனி இழை திறக்கலாம், கல்வெட்டு சாரே தொடங்கினால் நன்றாக இருக்கும்.